மாறிவரும் உலகில் வானொலி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டங்களில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் இந்த மாலைக் கூட்டங்களுக்கு ஒவ்வொரு பொருளாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரைப் பேசப் பணித்திருக்கிறார்கள். உடல்நலம் பற்றி மருத்துவர் பேசிவிட்டார். சேமிப்பு பற்றிக் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பேசிவிட்டார். எனக்குக் கிடைத்தது வானொலி. "சாமி எந்நேரமும் ரேடியோவைக் காதருகில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவரையே பேசச் சொல்வோம்" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. சொன்னவர் குறையாகச் சொன்னாரா, பாராட்டிச் சொன்னாரா என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களுக்கு முன் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவனிடம், "உங்கள் வீட்டில் வானொலி உண்டா?" என்று கேட்டேன். "உண்டு சாமி, அப்பா செல்போனில் உண்டு" என்றான். தனியாக ஒரு பெட்டி இருக்கிறதா என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் குழந்தை உதவிக்கு வந்தாள்: "பாட்டி வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கு சாமி, அது பாடாது." இந்த இரு குழந்தைகளின் பதிலிலும் நான் இன்று பேசவேண்டிய முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது என்று எண்ணுகிறேன். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. வானொலி போகவில்லை, வேறு வீட்டில் குடியேறியிருக்கிறது. அப்படிக் குடியேறியதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கணக்குப் பார்க்கத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

பழைய கதையைச் சற்றுச் சொல்ல அனுமதி வேண்டும். நம் நாட்டில் வானொலி அரசாங்கம் தொடங்கிய காரியமன்று. 1924-ல் சென்னையில் சில ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1927-ல் நின்றுபோயிற்று. அவர்களுடைய கருவிகளைச் சென்னை மாநகராட்சி வாங்கி, 1930 முதல் தானே நடத்தியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். எனவே கடற்கரையிலும் பொது இடங்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மக்கள் கூடி நின்று கேட்டார்கள். பிறகு 1938 ஜூன் 16 அன்று சென்னையிலும், 1939 மே 16 அன்று திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. ஆகவே கூட்டமாக நின்று கேட்பதுதான் வானொலியின் முதல் பழக்கம். இன்று ஒவ்வொருவரும் காதில் ஒரு திரியைச் செருகிக்கொண்டு தனித்தனியே கேட்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையிலே ஏறக்குறைய நூறு ஆண்டுகள்.

அந்த நூறு ஆண்டுகளில் வானொலிக்குப் பலமுறை சாவுமணி அடித்தார்கள். முதல் அடி வெளியிலிருந்து வரவில்லை. வானொலியே தன் தலையில் போட்டுக்கொண்டது. 1952-ல் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அவர்கள், சினிமாப் பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அதை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார். நல்லெண்ணத்தோடுதான் செய்தார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது. கொழும்பில் 1925-லேயே தொடங்கிய நிலையம் அது. அங்கிருந்து இந்தியும் தமிழும் பாட்டாகப் பொழிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3-ல், நம் அரசாங்கமே பாட்டுக்கென்று விவித பாரதியைத் தொடங்கவேண்டியதாயிற்று. கேட்பவனுக்கு எது நல்லது என்று மேலே இருந்துகொண்டு தீர்மானிப்பவர்கள் மறக்கக்கூடாத செய்தி இது. பிரசங்கம் செய்யும் எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததும் ஒரு கடற்கரை ஊர்தான். என் சித்தப்பாவிடம் ஒரு டிரான்ஸிஸ்டர் இருந்தது. தோல் உறை, அதில் பொத்தான், ஒலி வருவதற்குச் சல்லடைபோல் துளைகள். 1947-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த அந்தச் சிறு பொருள் 1954-ல் வானொலிப் பெட்டிக்குள் புகுந்தது. அதற்குமுன் வால்வு வைத்த பெரிய பெட்டி, அது சூடாகி வாய் திறக்கவே சற்று நேரம் பிடிக்கும். மின்சாரமும் வேண்டும். டிரான்ஸிஸ்டர் வந்ததும் வானொலி மேசையை விட்டு இறங்கி மனிதனோடு நடந்தது. வயலுக்குப் போயிற்று, கடலுக்கும் போயிற்று. சித்தப்பா அதை பிளாஸ்டிக் பையில் சுற்றி, வள்ளத்தில் நனையாத இடத்தில் கட்டிவைத்துக்கொண்டு போவார். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டால் எறியமாட்டார். வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் உயிர் வாங்குவார். வீட்டில் எங்களுக்கு அரிசி காய்கிறதா என்பதைவிடக் கட்டை காய்கிறதா என்பதில்தான் கவலை.

கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்கள் ஊரில் உறவுக்காரர் குரலைப்போலப் பழகிவிட்டவை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர், நேயர் விருப்பத்தில் இந்தப் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லும்போது கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பெயர் ஒருமுறை வந்தது. அந்த அஞ்சலட்டையைப் போட்டது தான்தான் என்று மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள்.

குருமடத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பெட்டி, பொழுதுபோக்கு அறையில். செய்தி கேட்கலாம், செய்தி முடிந்ததும் அணைத்துவிட வேண்டும் என்பது ஒழுங்கு. செய்தி முடிவதற்கும் அணைப்பதற்கும் இடையில் எத்தனை பாட்டு நுழையமுடியும் என்பது அணைக்கப் போகிறவரின் நடையைப் பொறுத்தது. மெதுவாக நடப்பவரைத்தான் அந்தப் பணிக்கு நாங்கள் எப்போதும் முன்மொழிவோம்.

இரண்டாவது சாவுமணி தொலைக்காட்சி. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1982-ல் வண்ணம் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு 'ஒலியும் ஒளியும்' நடக்கும்போது தெருவில் ஆள் நடமாட்டமே இராது என்பதை இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அறிவீர்கள். வானொலி இனி வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமப் புத்தகம் புதுப்பிக்கும் வழக்கமும் 1980களின் நடுவில் நின்றது. ஆனால் வானொலி சாகவில்லை. ஏன்? தொலைக்காட்சிக்குக் கண்ணும் வேண்டும், காதும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். வானொலிக்குக் காது மட்டும் போதும். சமைக்கிறவள், தைக்கிறவர், வலை பொத்துகிறவர், வண்டி ஓட்டுகிறவர் ஆகிய இவர்களுடைய கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. காது சும்மா இருக்கிறது. மாலை நேரத்தை வானொலி தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காலை நேரத்தையும் பயண நேரத்தையும் பிடித்துக்கொண்டது. தோற்ற இடத்தை விட்டுவிட்டு, தன்னால் மட்டும் முடிகிற இடத்துக்குப் போவது என்பதே அது பிழைத்த இரகசியம்.

இன்னொரு வழியும் கண்டுகொண்டது. பக்கத்தில் வந்தது. தஞ்சைப் பகுதியில் 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைத் திருச்சி வானொலி நிலையம் விடாமல் எடுத்துச் சொன்னதனால், விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வட்டாரத்து மக்களிடம் வட்டாரத்துக் காரியத்தைப் பேசினால் வானொலிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அது சாட்சி. 1984 அக்டோபரில் அகில இந்திய வானொலி தன் முதல் உள்ளூர் நிலையத்தைத் தொடங்க இடம் தேடியபோது, நம் நாகர்கோவிலைத்தான் தேர்ந்தெடுத்தது. நம் மாவட்டத்துப் பேச்சு, நம் சந்தை விலை, நம் காற்று மழை எல்லாம் வானொலியில் வரத் தொடங்கின. இது நமக்குள்ள பெருமை. இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள்.

அதன்பின் பண்பலை. சென்னையில் 1977 ஜூலை 23 அன்றே அது வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்கும் பெட்டி மக்கள் கையில் இல்லாததால் நெடுங்காலம் தூங்கிற்று. 1995-ல் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச் சொத்து, அரசாங்கம் மட்டுமே வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. 2000-ல் ஏலம் நடந்தது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம். பிறகு சென்னை, கோவை, மதுரை என்று பரவிற்று. தண்ணீரில் கழுவியதுபோல் தெளிவான ஓசை. விடிய விடியப் பேச்சு, பாட்டு, சிரிப்பு. அந்தச் சிரிப்பு சில வேளைகளில் எனக்குச் சலிப்பைத் தரும், அது என் வயது. ஆனால் தனியார் நிலையங்கள் தாமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதிக்கப்படவில்லை. அரசு வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆகவே பாட்டுக்கு நூறு வாய், செய்திக்கு ஒரு வாய் என்றாகிவிட்டது.

இப்பொழுது மூன்றாவது அலை, செல்போன். இதை எதிர்க்க முடியாது என்று வானொலிக்காரர்கள் தெளிவாகக் கண்டுகொண்டார்கள்; ஆகவே அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அரசு வானொலியின் 200-க்கும் மேற்பட்ட நிலையங்களை ஒரு செயலி வழியாக உலகின் எந்த மூலையிலும் கேட்கலாம். தவறவிட்ட நிகழ்ச்சியைப் பிறகு கேட்டுக்கொள்ளும் வலையொலி வந்துவிட்டது. இனி நிகழ்ச்சிக்காக நாம் காத்திருக்கவில்லை, நிகழ்ச்சி நமக்காகக் காத்திருக்கிறது. அஞ்சலட்டை போய் வாட்ஸ்அப் குரல் பதிவு வந்துவிட்டது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதைக் கணினி வரிசைப்படுத்துகிறது. ஒரு அறிவிப்பாளர் ஒரே அறையில் உட்கார்ந்து பல ஊர்களுக்கான பேச்சைப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற முறையும் உலகெங்கும் பரவியிருக்கிறது. "இன்று காலை மழை எப்படி?" என்று அவர் நம்மைக் கேட்கும்போது, அவர் நேற்றே கேட்டுவைத்த கேள்வியாக இருக்கலாம்.

தொலைதூர ஒலிபரப்புகளும் இதே பாதையில் போயின. பி.பி.சி.யின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 1941-ல் தொடங்கி 76 ஆண்டுகள் நடந்து 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இணையத்தில் தமிழ்ப் பணி தொடர்ந்தது. 1931-ல் மார்க்கோனியே அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலி, 2012-ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமான சிற்றலை ஒலிபரப்புகளில் பெரும்பகுதியை நிறுத்திக்கொண்டது. மணிலாவிலிருந்து வந்த நம் வேரித்தாஸ் வானொலியும் 2018 ஜூன் இறுதியோடு சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறியது. சிற்றலைக்கு மின்சாரச் செலவு பெரிது; பெட்டி வைத்திருப்போர் குறைந்துவிட்டார்கள்; அவர்கள் செய்ததைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். என் முந்திய பங்கில் ஒரு பாட்டி வேரித்தாஸின் தீவிர நேயர். மாற்றம் வந்தபின் ஒருநாள் என்னிடம், "சாமி, என் பெட்டிக்குச் சளி பிடித்துவிட்டது, கொரகொர என்கிறது" என்றார். பெட்டிக்கு ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்தில்தான் ஆள் போய்விட்டார் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை; பழுதுபார்க்கக் கொடுத்தார். அதே வாரத்தில் அவருடைய பேரன் அபுதாபியிலிருந்து தொலைபேசியில் பேசினான்: "நான் தினமும் வேரித்தாஸ் கேட்கிறேன் பாட்டி, செல்லில் வருகிறது." பேரனுக்குக் கிடைத்தது, பாட்டிக்குப் போயிற்று.

அன்பர்களே, நான் சொல்ல வந்த காரியம் இதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். துபாயில் ஒரு மாடியறையில் படுத்துக்கொண்டு நாகர்கோவில் வானொலியை அவர்கள் தெளிவாகக் கேட்கிறார்கள். இடையே இருப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அதே நேரத்தில் நம் கரையிலிருந்து புறப்பட்ட தகப்பனுக்குக் கடலில் சில மைல் போனதும் அதே செல்போன் வெறும் விளக்காகிவிடுகிறது. ஓசை தெளிவடைய வடைய, அது கடலில் எட்டுகிற தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இதன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பழைய பெட்டியில் கேட்ட மத்திய அலை நிலத்தையும் நீரையும் ஒட்டித் தவழ்ந்து போகிற அலை. வறண்ட நிலத்தில் விரைவில் களைத்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடலின்மேல் வெகுதூரம் போகும். இரவிலோ, பகலில் அதை விழுங்கிக்கொண்டிருந்த வானத்தின் ஓர் அடுக்கு மறைந்துவிடுவதால், மேலே போன அலை திரும்பி விழுந்து இன்னும் நெடுந்தூரம் எட்டும். அந்திக்குப் பின் கொழும்பு அவ்வளவு நன்றாகக் கேட்டதன் காரணம் அதுவே. பண்பலை அப்படியன்று, கண் பார்வைபோல் நேராகச் செல்லும். கோபுரத்தின் உயரத்தையும் திறனையும் பொறுத்து 50, 60 கிலோமீட்டர் போகலாம்; பிறகு பூமியின் வளைவு மறைத்துவிடும். செல்போன் கோபுரமோ கரையிலுள்ளவர்களுக்காகக் கட்டப்பட்டது. கடலை அது பார்ப்பதில்லை. மத்திய அலையில் இரைச்சல் உண்டு, இடி இடித்தால் படபடக்கும். ஆனால் அது வந்து சேரும்.

அந்த மத்திய அலைதான் இப்போது கைவிடப்பட்டு வருகிறது. நம் நாட்டில் பல ஊர்களில் பழைய ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளைப் புதிய டிஜிட்டல் முறைக்கு மாற்றினார்கள். இரைச்சல் இல்லாமல், அதே நெடுந்தூரம் எட்டக்கூடிய நல்ல முறை. ஆனால் அதைக் கேட்கும் பெட்டி, புதிய கார்கள் சிலவற்றில் உண்டே தவிர, ஏழை வாங்கும் விலையில் கடைக்கு வரவில்லை. பந்தியில் இலை போடாமல் சோறு கொண்டுவந்த கதை.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. நோர்வே நாடு மீன்பிடி நாடு. 2017-ல் தேசிய அளவில் பண்பலையையே மூடிவிட்டு முழுதும் டிஜிட்டலுக்குப் போன முதல் நாடு அதுதான். முதல் ஆண்டில் கேட்போர் தொகை குறைந்தது. இங்கிலாந்தில் கடலோடிகளுக்கான வானிலை அறிக்கையை நீண்ட அலையில் தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்தார்கள். 2024 ஏப்ரலோடு நீண்ட அலைக்கென்றே இருந்த தனி நிகழ்ச்சி நேரங்கள் நிறுத்தப்பட்டன. எங்கும் கணக்கு ஒன்றே: எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். கடலில் இருப்பவன் எண்ணிக்கையில் எப்போதும் சிறுபான்மை.

ஒரு காரியத்தை நான் சொல்லியே ஆகவேண்டும். 2017 நவம்பரில் நான் வேறொரு கடற்கரைப் பங்கில் இருந்தேன். பங்குக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை. முன்பெல்லாம் வானிலை அறிவிப்பை வானொலியில் கேட்டு, தாளில் எழுதி, ஆலயத்து ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் அந்தப் பங்கில் இருந்தது. உபதேசியார் செய்துவந்தார். அவருக்கு வயதாகிவிட்டது, குழுவில் போட்டால் எல்லாருக்கும் போய்விடுமே, ஏன் இந்தச் சிரமம் என்று நான்தான் அதை நிறுத்தினேன். 29-ஆம் தேதி தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி காலை அது ஒக்கி என்னும் புயல். எனக்குச் செய்தி வந்ததும் குழுவில் போட்டேன். கரையில் இருந்தவர்கள் பெயருக்கு நேரே இரண்டு கோடு விழுந்தது. கடலில் இருந்தவர்களுக்குத் தனித்தனியே அனுப்பினேன். ஒற்றைக் கோடு. அன்று முழுவதும், மறுநாளும், அந்த ஒற்றைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலருடைய பெயருக்கு நேரே அது பிறகும் மாறவே இல்லை.

வானொலி இருந்திருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். எச்சரிக்கையே தாமதமாக வந்தது. ஆழ்கடல் விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியிருந்தன. புயல் சில மணி நேரத்தில் வலுத்தது. ஆனால் முந்திய நாள் பிற்பகலில் வள்ளத்தில் புறப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்களில் இருவர் மூவராவது கரையில் நின்று யோசித்திருப்பார்களோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. புதிய சாதனத்தைக் கொண்டுவந்தது தவறன்று. அது வந்த மறுநாளே பழையதை எடுத்து வீசியதுதான் தவறு. அது என் தவறு.

அதன்பின் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை ஆழ்கடலுக்கே போகும், ஆனால் அங்கிருந்து பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் இருவழியும் செய்தி அனுப்பக்கூடிய கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டம் தொடங்கிற்று. விசைப்படகு வைத்திருப்போர் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கியதை வீட்டு அலமாரியில் வைக்காமல் படகில் வையுங்கள். ஆனால் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களை இவையெல்லாம் எட்ட நாள் ஆகும். அதுவரை? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரங்களும் விழுந்துகிடந்தன. அப்போது வேதாரண்யம் பக்கத்தில் இருந்த என் குரு நண்பர் ஒருவர், மூன்று நாள் வெளியுலகச் செய்தி தனக்குத் தெரிந்தது பேட்டரியில் ஓடும் ஒரு பழைய பெட்டியால்தான் என்றார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செல்போன்கள் பலவற்றில் பண்பலையைக் கேட்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கோபுரமும் வேண்டாம், காசும் ஆகாது, காதுத்திரியின் கம்பியே ஏரியல். ஆனால் செய்பவர்கள் அதை அடைத்துவிடுகிறார்கள், அல்லது போடுவதே இல்லை. பேரிடர் காலத்துக்காக அந்த வசதியைத் திறந்துவையுங்கள் என்று 2023-ல் மத்திய அரசே அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. இளைஞர்கள் இன்றிரவே உங்கள் போனில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்லவேண்டும். பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கென்றே ஒரு சமுதாய வானொலி, 90.4-ல். அங்கே பேசுகிறவர்களும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். காற்று எப்படி, அலை எப்படி என்பதோடு, எந்த மீனை ஏன் காக்கவேண்டும் என்றும் நம் பேச்சிலேயே பேசுகிறார்கள். சட்டப்படி சமுதாய வானொலியின் திறன் மிகச் சிறிது, 10, 15 கிலோமீட்டருக்குள்தான் எட்டும். ஆனால் கரையோரம் தொழில் செய்பவர்களுக்கு அது போதும். அப்பால் இருக்கும் உறவுக்காரர்களுக்குச் செயலி இருக்கிறது. பழையதையும் புதியதையும் இரு கையிலும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒக்கிக்கு முன் இதைப் போய்ப் பார்த்திருக்கவேண்டும்.

இந்தப் பங்குக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், மாலை வானிலை அறிவிப்பை ஆலயத்து ஒலிபெருக்கியில் வாசிக்கச் செய்தது. வாட்ஸ்அப் குழுவும் நடக்கிறது, அதுவும் இருக்கட்டும். பாட்டுப் பெட்டியை இடையில் நிறுத்துகிறார்கள் என்று சில வீடுகளில் முணுமுணுப்பு உண்டு, காதில் விழுந்தது.

சென்ற மாதம் இளைஞர் இயக்கத்தார் ஒரு சோதனை செய்தார்கள். வானிலை தெளிவாக இருந்த ஒரு மாலையில் மூன்று பேர் ஒரு படகில் புறப்பட்டார்கள். கையில் ஒரு செல்போன், ஒரு பண்பலைப் பெட்டி, மறைக்கல்வி வகுப்புக் குழந்தை சொன்ன அந்தப் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கிப் பழுதுபார்த்த டிரான்ஸிஸ்டர். எது எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டே போகவேண்டும் என்பது ஏற்பாடு. கரை விளக்குகள் கண்ணில் தெரிந்துகொண்டிருக்கும்போதே செல்போன் வாயை மூடியது. பண்பலை வெகுநேரம் பாடிக்கொண்டு வந்து, பிறகு விட்டுவிட்டுக் கேட்டு, நின்றது. பரணில் கிடந்த பெட்டி இரவு முழுவதும் பேசிற்று. மூன்று மொழியில் பேசிற்று என்று சிரித்தார்கள், தமிழ் நிலையத்தின்மேல் மலையாளமும் சிங்களமும் ஏறி வந்ததால்.

எந்த நிலையம், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் வரை கேட்டது என்பதை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பங்கு இல்லத்து வராந்தாவில், கடிதப் பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது. தொழிலுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் போகும் கடலில் வேறு விதமாகக் கேட்டால் அதையும் எழுதலாம், பென்சிலும் கட்டியிருக்கிறது. மழைக்காலத்துக்கான பக்கங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.